முதல் கொழுந்துக்கு முன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் கணவர் நிரஞ்சன் எங்கள் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்தார். சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் அவருடைய அம்மா ஜெயராணி அதை மனதில் வைத்துக்கொண்டார். தெல்தோட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்கு நாங்கள் முதல் தடவை போனபோது, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, "கோவம் வந்தா முன்கூட்டியே சொல்லிரு புள்ள, நான் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்குறேன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அன்றைக்கே எனக்கு மாமியைப் பிடித்துப்போனது.

மாமி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். மாமா இறந்த பிறகும் நாங்கள் இருக்கும் கண்டிக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். போன மழைக்காலத்தில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கண்டி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, அங்கிருந்து நேரே அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். பிளாஸ்டரைக் கழற்றிய பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தலை பின்ன முடியவில்லை, சேலைக்கு ஊசி குத்த முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மிஸ் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அழுத்தச் சொன்னார். இரண்டாம் நாளே அந்தப் பந்து கீழ்வீட்டு நாயின் வாயில் இருந்தது.

"பந்த நசுக்கிக்கிட்டு கெடக்க நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றார் மாமி.

வெள்ளிக்கிழமை வந்தால் ஊருக்குப் போகப் பையைக் கட்டுவார். நிரஞ்சன் அவிழ்த்துவைப்பார். ஒரு சனிக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஆளைக் காணோம். ஈரத் தலையோடு இறங்கி ஓடினேன். பஸ் நிறுத்தத்தில், இடது கையில் பையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க மாமி?"

"வீட்டுக்கு. கோழி இருக்கு, கீர போட்டது இருக்கு. பக்கத்து வீட்டு பாப்பம்மா எத்தன நாளைக்குத்தான் பாப்பா?"

"இந்தக் கையோட அங்க போய் என்ன செய்வீங்க? தண்ணி வாளி தூக்குவீங்களா? வெறகு ஒடைப்பீங்களா? மறுபடி விழுந்தா யாரு தூக்குறது?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பஸ்ஸுக்கு நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி மட்டும் நிதானமாக, "சரி, கோவப்படாத. எப்ப போகலாம்னு மட்டும் சொல்லு. ஆஸ்பத்திரி மிஸ்ஸும் சொல்ல மாட்டேங்குறா, ஒன் புருசனும் சொல்ல மாட்டேங்குறான். ஏதாச்சும் ஒரு கணக்கு வேணாமா?" என்றார்.

கேட்டது நியாயம். நியாயமாக யாராவது கேட்டால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். "நான் ஒரு கேம் செஞ்சு தர்றேன். கொழுந்து பறிக்கிற கேம். நேரம் முடியிறதுக்குள்ள கூடைய நெறச்சிட்டீங்கன்னா, நானே ஒங்கள தெல்தோட்டையில கொண்டுபோய் விடுறேன். அதுவரைக்கும் இந்தப் பைய நான் கட்டில்ல கட்டி வைப்பேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

மாமி பையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

கேம் செய்வது என் தொழில். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு சின்னக் கம்பெனியில், வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கைத்தொலைபேசி விளையாட்டுகளை இயக்கும் நிரல்கள் எழுதுகிறேன். அங்கே என்னை எல்லோரும் 'டைமர் கஜலட்சுமி' என்பார்கள். விளையாட்டில் நேரம் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. திரையில் படம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று பார்த்து, அந்தத் துளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நேரத்தை விட்டுவிட்டுப் படங்களை எண்ணுவார்கள். அதனால் பழைய போனில் கடிகாரம் ஊரும், புது போனில் பறக்கும். அப்படி யாராவது எழுதிவைத்தால் நான் விடமாட்டேன், அழவைத்துத்தான் அனுப்புவேன்.

ஆகவே மாமியின் கேமுக்குப் பார்த்துப் பார்த்து எழுதினேன். திரையில் ஒரு தேயிலைச் செடி. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்துக் கிள்ளினால்தான் கொழுந்து கூடைக்கு வரும், தொட்டால் மட்டும் வராது. முத்தல் இலையைக் கிள்ளினால் கூடையில் ஒன்று குறையும். மேலே ஒரு பச்சைப் பட்டை, அது தேய்ந்து முடிந்தால் ஆட்டம் முடிந்தது. ஆஸ்பத்திரி மிஸ்ஸைக் கேட்டு, தேறிய கை எவ்வளவு நேரம் எடுக்குமோ அதையே எல்லையாக வைத்தேன். யாராவது போனில் அழைத்தால் கடிகாரம் நிற்கும், திரை அணைந்தால் நிற்கும். எங்கெங்கே நிற்க வேண்டும் என்று நூறு தடவை யோசித்தேன். கூடை நிறைந்தால் ஒரு சேவல் கூவும்படி வைத்தேன், அது மாமியின் கோழிகளை நினைத்து.

என் பக்கத்து மேசை றமீலாதான் எங்கள் கம்பெனியில் விளையாட்டுகளை ஆடிப் பிழை கண்டுபிடிக்கிறவள். அலவத்துகொடயிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அவளிடம் கொடுத்தேன். முதல் தடவையே சேவல் கூவியது. "லேசுதானே கஜா அக்கா, ஒங்கட மாமி ரெண்டு கெழமையில முடிச்சிருவாங்க" என்றாள்.

ஆபீசில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய டெப்லட்டில் கேமைப் போட்டு மாமியிடம் கொடுத்தேன். எப்படிக் கிள்ளுவது என்று நானே ஒரு ஆட்டத்தைத் தொடங்கிக் காட்டினேன். மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இந்தச் செடிய கவ்வாத்து வெட்டி ரொம்ப நாளாச்சு போல" என்றார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்பறம் பறிச்சுக்குறேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கூச்சமாயிருக்கும்" என்றார். அப்படியே பழகிவிட்டது. காலையில் நாங்கள் இறங்கிப்போன பிறகு மாமி கைகால் கழுவிக்கொண்டு உட்காருவார். மாலையில் வந்து கேட்பேன்.

"இன்னைக்கு?"

"அரக்கூடைக்குக் கொஞ்சம் மேல."

அவள் சொன்ன இரண்டு வாரம் போய், இரண்டு மாதம் போனது. அரைக்கூடை முக்கால் கூடையானது. முக்கால் கூடைக்கு மேல் ஏறவே இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சத்தில் தவறிப்போகும்.

அந்த இரண்டு மாதத்தில் வேறொன்று நடந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. வேலை முடிந்து மலையேறி வரும்போது, மேலே ஜன்னலில் மாமியின் தலை தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன். தலை தெரிந்தால் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டார் என்று அர்த்தம். உள்ளே போனதும் தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டி. அலுவலகத்தில் யாரோடு சண்டை பிடித்தேன் என்று கேட்பார், நான் சொல்வேன், அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் செஞ்சதும் தப்பு, நீ பேசுனதும் தப்பு, தேத்தண்ணி ஆறுது" என்பார். நிரஞ்சன் மாநகர சபையில் கிளார்க். அவர் பிந்தி வந்து, "அம்மா, எனக்கு?" என்றால், "ஒனக்குக் கை நல்லாத்தானே இருக்கு, ஊத்திக் குடி" என்பார். என் அம்மாகூட எனக்காக இப்படிப் பரிந்து பேசியதில்லை. எனக்கு மாமி வேண்டியிருந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வேண்டியிருந்தது.

அதனால்தானோ என்னவோ, கண் முன்னால் இருந்தது எனக்குத் தெரியாமல் போனது. மாமி போஞ்சிக்காயை மெல்லியதாக அரிந்தார். என் தலையைப் பிடித்து உட்காரவைத்து இறுக்கிப் பின்னிவிட்டார். இந்தக் கை எப்படிக் கூடையை நிறைக்காமல் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஒரு மாலை ஜன்னலில் தலை இல்லை. உள்ளே போனால் மாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டெப் அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது.

"பாப்பம்மாவுக்கு போன் பண்ணினேன்" என்றார். "கோழியெல்லாம் நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டேன். கீரப் பாத்தியையும் எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

"ஏன் மாமி?"

"கை போச்சு புள்ள. வெளியில பாக்க நல்லாத்தான் இருக்கு, உள்ளுக்குப் போச்சு. ஒன் கடிகாரம் பொய் சொல்லுமா?"

அவர் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. கோழிக்காக ஒற்றைக் கையோடு பஸ் ஏறப்போன மனுசி, அதே கோழியை போனில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் விரும்பியது இதுதானே, மாமி இங்கேயே இருக்கப்போகிறார்தானே? அன்றைக்குத் தேத்தண்ணியை நானே போட்டேன். இருவரும் குடிக்கவில்லை.

அடுத்த நாள் பௌர்ணமி, போயா லீவு. நிரஞ்சன் சந்தைக்குப் போயிருந்தார். காலையிலேயே டெப்பை இறக்கித் துடைத்து மாமியின் மடியில் வைத்தேன்.

"ஒரே ஒரு தடவ மாமி. நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். எங்க பிந்துதுன்னு தெரியணும்."

"பாத்து என்ன செய்யப்போற?" என்று முணுமுணுத்தாலும் எழுந்துபோய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்.

கேமைத் திறந்தார். செடி வந்தது. பச்சைப் பட்டை தேயத் தொடங்கியது. மாமி செடியைத் தொடவில்லை. டெப்பை மடியில் நேராக வைத்து, இரண்டு கையையும் குவித்து, கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. மாரியம்மனைக் கூப்பிட்டார், தோட்டத்து ரோதைமுனி சாமியைக் கூப்பிட்டார், பிறகு மாமாவிடம் ஏதோ சொன்னார். திரையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கூடை பெருக வேண்டி, "பொலி, பொலி" என்று மெதுவாகச் சொன்னார். பிறகுதான் முதல் கொழுந்தைக் கிள்ளினார். அதற்குள் பட்டையில் ஒரு பெரிய துண்டு போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த விரல்கள் போன வேகம் இருக்கிறதே, நான் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஒரு முத்தல் இலை படவில்லை. முக்கால் கூடை தாண்டியதும் பட்டை முடிந்தது. ஆட்டமும் முடிந்தது.

"பாத்தியா" என்றார் மாமி.

"மாமி, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் தொடங்குவீங்களா? கும்பிட்டுட்டு?"

"பின்ன? கும்பிடாம யாராச்சும் கொழுந்துல கை வைப்பாங்களா?"

"நீங்க கும்பிடும்போதும் கடிகாரம் ஓடுதே."

"ஓடுதா?" மாமி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மலையில நாங்க பொலி சொல்லி முடிக்கிற வரைக்கும் எங்கள வெரட்டுற கணக்கப்பிள்ளயே நிப்பாரு. ஒன் கடிகாரம் நிக்காதா?"

எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கடிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்று நூறு தடவை யோசித்தவள், எப்போது தொடங்க வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. செடி திரையில் வந்தவுடன் கை நீட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். றமீலா நீட்டினாள், நானும் நீட்டினேன். கொழுந்தோடு வாழ்ந்த ஒருவர் அப்படி நீட்டமாட்டார் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

நிரஞ்சன் சந்தையிலிருந்து வந்ததும் சமையலறைக்குள் இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரக்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. பிழைய திருத்தணும்."

"திருத்தத்தான் வேணுமா கஜா?" என்றார் தணிந்த குரலில். "அப்படியே விட்டா அம்மா இங்கயே இருந்துருவாங்க. ஒனக்கும் அதுதானே ஆச. நேத்து நீதானே சொன்ன, அவங்க இல்லாம இந்த வீடு எப்படியிருக்கும்னு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் அந்த யோசனை குழாயடியிலேயே வந்து போயிருந்தது. யாருக்கும் தெரியாது. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். ஜன்னலில் அந்தத் தலை தினமும் தெரியும். பிறகு நேற்றைய மாமி ஞாபகத்துக்கு வந்தார், கட்டில் ஓரத்தில், கை போச்சு என்று சொல்லிக்கொண்டு. எனக்கு வந்ததே கோபம்.

"அவங்க கை நல்லாயிருக்கு நிரஞ்சன். என்னைவிட நல்லாயிருக்கு. நல்லாயிருக்கிற கைய, போச்சுன்னு நம்பவச்சு, அந்தப் பொய்யில கட்டிவச்சு, எனக்கு தேத்தண்ணி ஊத்தச் சொல்லவா? அப்படியொரு தேத்தண்ணி எனக்கு வேணாம்."

"சத்தம் போடாத, அம்மாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டு, "சரி, திருத்து. அழுதுட்டே திருத்தாத, வேற எங்கயாச்சும் பிழைவிட்டுருவ" என்றார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

திருத்தம் ஒரே ஒரு வரி. திரை திறந்ததும் தொடங்கிய கடிகாரத்தை, முதல் கொழுந்தைக் கிள்ளும்போது தொடங்கும்படி இடம் மாற்றினேன். பழைய கடிகாரத்தை அழிக்கக் கை வரவில்லை. அதை வேறு பெயரில் அப்படியே ஓடவிட்டேன். திரை திறந்ததிலிருந்து முதல் கொழுந்துவரை கழியும் நேரத்தை மட்டும் அது தன்பாட்டில் கூட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்குக் 'கும்பிடு' என்று பெயர் வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் டெப்பை மறுபடி மடியில் வைத்தேன். மாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். பச்சைப் பட்டை அசையாமல் நின்றது. நிரஞ்சன் கதவோரம் நின்றார், நான் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தேன். பொலி, பொலி. பிறகு விரல்கள் கிளம்பின. பட்டையில் இன்னும் ஒரு நல்ல துண்டு மீதி இருக்கும்போதே சேவல் கூவியது.

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "என்ன, கீழ் வீட்டுல சேவல் வாங்கிட்டாங்களா?"

"அது ஒங்க கூடையில இருந்து வந்த சத்தம் மாமி. கூட நெறஞ்சிருச்சு."

அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "எனக்காக நேரத்த கூட்டிக் குடுத்தியா?"

"ஒரு துளிகூடக் கூட்டல. நீங்க கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் கடிகாரம் இப்ப நிக்கும், அவ்வளவுதான். கணக்கப்பிள்ள நின்ன மாதிரி. ஒங்க கை எப்பவோ நல்லாயிட்டுது மாமி. கெட்டது என் கடிகாரம்தான்."

மாமி வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைக்காமலே, "நிரஞ்சா, அந்த போன எடு. பாப்பம்மா கோழிய வித்துத் தொலச்சிருவா" என்றார்.

சத்தியம் செய்தவள் நான், ஆகவே நானே கூட்டிக்கொண்டு போனேன். கலஹா தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மாமி ஜன்னலோரம், மடியில் டெப். பாப்பம்மா கோழிகளைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று வழிதவறிப்போனதாம். "வயித்துக்குள்ள வழி தவறியிருக்கும்" என்று மாமி என் காதில் சொன்னார். திரும்பும்போது பஸ் வரைக்கும் வந்து, என் கன்னத்தை அந்த வலது கையால் நன்றாக வலிக்கக் கிள்ளினார்.

அலுவலகத்தில் றமீலாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "நானும் பிஸ்மி சொல்லிட்டுத்தான் தொடங்கினேன் கஜா அக்கா. ஒங்கட மாமிட பிஸ்மி கொஞ்சம் நீளம் போல."

மாமி இப்போதும் தினமும் காலையில் ஒரு கூடை பறிக்கிறார். கை மறுபடி விறைக்கக் கூடாதென்று மிஸ் சொன்னதால் மட்டுமில்லை, சேவல் கூவுவது பிடித்துப்போனதால். அங்கே ஆட்டம் முடிந்ததும் கணக்கு என் போனுக்கு வரும். நான் அம்பிட்டிய பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது பார்ப்பேன். கூடை எப்போதும் நிறைந்திருக்கும், அதை நான் பார்ப்பதுகூட இல்லை. 'கும்பிடு' எவ்வளவு நேரம் ஓடியது என்றுதான் பார்ப்பேன். கண்டியில் இருந்ததைவிட அது கூடியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை, தினமும் அதிகமாகவே இருந்தது. தலைசுற்றலோ, கண் மங்குகிறதோ, தனியாக வேறு இருக்கிறார். பஸ்ஸில் நின்றபடியே போன் செய்தேன்.

"மாமி, மேலுக்கு முடியலையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"கும்பிட்டு முடிக்க ரொம்ப நேரமெடுக்குதே. இங்க இருந்தப்ப இவ்வளவு எடுக்கலையே."

"அதையும் அளக்குறியா நீ?" என்று மாமி சிரித்தார். பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது. "அங்க இருந்தப்ப நீங்க ரெண்டு பேரும் சாயங்காலமானா கண்ணுக்கு முன்னால இருந்தீங்க. சாமியையும் மாமாவையும் மட்டும் கூப்புட்டாப் போதும். இப்ப இங்க இல்லையே. ஒங்க பேரையும் சொல்லி முடிக்க வேணாமா?"

கண்டக்டர் என் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். எனக்குக் காசு எடுக்கவும் தோன்றவில்லை, கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை. எதையாவது கேட்க வேண்டுமே என்று, "யார் பேர மொதல்ல சொல்லுவீங்க மாமி? ஒங்க மகன் பேரையா?" என்றேன்.

"ஒன் பேரத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றார் மாமி. "நீதானே கோவிச்சுக்குவ."